மீசோதீலியோமா: நுரையீரலில் பிறக்காத நெஞ்சுப் புற்று

ஸ்டீபன் ஜே கூல்ட் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தொல்லுயிரியல் பேராசிரியர். 1982 ஜூலையில், 40 வயதில், அவருக்கு வயிற்றில் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. மருத்துவ நூல்களைத் தேடிப் படித்தவர் கண்ணில் பட்டது ஒரு கணக்கு: நோயைக் கண்டறிந்த பிறகு பாதிப்பேர் எட்டு மாதங்களைத் தாண்டுவதில்லை. தாண்டுகிற மறுபாதியினர் எவ்வளவு காலம் வாழ்கிறார்கள் என்பதல்லவா கேட்கவேண்டிய கேள்வி என்று அவர் 1985இல் ஒரு கட்டுரை எழுதினார். புற்றுநோயாளிகளின் குடும்பங்கள் இன்றும் அதைத் தேடிப் படிக்கின்றன. கூல்ட் அந்த மறுபாதியிலும் கடைக்கோடிவரை போனார். 20 ஆண்டுகள் வாழ்ந்தார். 2002 மே மாதம் அவர் இறந்தது, மூளைக்குப் பரவிய நுரையீரல் புற்றுநோயால். பழைய நோய் திரும்பி வந்துவிட்டது என்று பலர் நினைத்தார்கள். அப்படியல்ல. முதல் நோய் முழுவதும் குணமாகியிருந்தது; இரண்டாவது அதோடு எந்தத் தொடர்பும் இல்லாத, அடினோகார்சினோமா என்ற நுரையீரல் புற்று வகை.

ஒரே மனிதருக்கு வந்த இந்த இரண்டு நோய்களும் எந்த அளவுக்கு வேறானவை என்பது மருத்துவ உலகத்துக்கு வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. மீசோதீலியோமா நெஞ்சில் வந்தால் அதை நுரையீரல் புற்றுநோயின் ஒரு வகை என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். செய்தித்தாள்களும் அப்படித்தான் எழுதுகின்றன. அது எளிய பெயர்க் குழப்பம் என்று விட்டுவிட முடியாது. நோய் எங்கே பிறந்தது என்பதை வைத்துத்தான் சிகிச்சை அமைகிறது. எதனால் பிறந்தது என்பதை வைத்துத்தான் நஷ்டஈடும், அடுத்தவரைக் காப்பாற்றும் வழியும் அமைகின்றன.

நுரையீரலை இரண்டு மெல்லிய உறைகள் மூடியிருக்கின்றன. ஒன்று நுரையீரலோடு ஒட்டியது, மற்றது விலா எலும்புகளின் உட்புறத்தோடு ஒட்டியது. இரண்டுக்கும் நடுவே சில மில்லிலிட்டர் திரவம் மட்டும் இருக்கும். மூச்சு விடும்போது உறைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் போவதற்கு அதுவே போதும். இந்த உறையை ப்ளூரா என்பார்கள். அதன் மேற்பரப்பில் ஒற்றை வரிசையாகப் பரவியிருக்கும் செல்களுக்கு மீசோதீலியச் செல்கள் என்று பெயர். இதே செல்கள் வயிற்றின் உள்ளுறையிலும், இதயத்தைச் சுற்றிய பையிலும், ஆண்களுக்கு விரையைச் சுற்றிய உறையிலும் உண்டு. இந்தச் செல்களில் பிறக்கும் புற்றுதான் மீசோதீலியோமா. நெஞ்சில் வருவதே மிக அதிகம், அடுத்தது வயிறு. கூல்டுக்கு வயிற்றில் வந்ததும் இதனால்தான். நுரையீரல் புற்றுநோயோ மூச்சுக்குழாயின் உட்பூச்சிலோ காற்றறைகளிலோ, அதாவது நுரையீரலுக்குள்ளேயே, பிறக்கிறது.

பிறப்பிடம் வேறானதால் வளரும் விதமும் வேறாகிறது. நுரையீரல் புற்றுநோய் பெரும்பாலும் ஒரு கட்டி. எக்ஸ்ரேயில் வட்டமாகவோ முள்முள்ளாகவோ ஒரு நிழல் தெரியும். இத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து சொல்லலாம். மீசோதீலியோமா உறையின்மீது சிறுசிறு மணிகளாகத் தொடங்கிப் பரப்பாகப் பரவுகிறது. மணிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, உறை தடித்து, கஞ்சி போட்டுக் காயவைத்த துணிபோல விறைத்து நுரையீரலைச் சுற்றி இறுக்குகிறது. உள்ளே நுரையீரல் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் விரிய இடமிருக்காது. ஒரு கட்டியாக இல்லாததால் இதை அளப்பதே சிரமம். ஸ்கேனில் உறையின் தடிமனைப் பல இடங்களில் அளந்து கூட்டித்தான் நோய் கூடியதா குறைந்ததா என்று சொல்கிறார்கள்.

நோயாளி சொல்லும் குறையிலும் இந்த வேறுபாடு தெரியும். நுரையீரல் புற்றுநோய்க்காரர் விடாத இருமலோடு வருவார், சளியில் ரத்தம் வரும், குரல் கம்மும். மீசோதீலியோமாவில் இருமலைவிட மூச்சுவாங்கலும் ஒரு பக்கத்து நெஞ்சு வலியும்தான் முன்னால் நிற்கும். சளியில் ரத்தம் வருவது அரிது. எக்ஸ்ரே எடுத்தால் ஒரு பக்கம் நீர் கோத்திருக்கும். ஊசி போட்டு ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் எடுப்பார்கள். இரண்டு வாரம் நன்றாக இருக்கும், பிறகு மறுபடி கோக்கும். நுரையீரல் புற்று மூளை, எலும்பு, கல்லீரல், அட்ரினல் சுரப்பி என்று தொலைவிலுள்ள உறுப்புகளுக்குச் சீக்கிரம் தாவும். மீசோதீலியோமா பெரும்பாலும் இருந்த இடத்திலேயே அழுத்திக் கொல்கிறது. பயாப்சி ஊசி போன தடத்தைப் பிடித்துக்கொண்டு தோலுக்கு வெளியே கட்டியாகக் கிளம்புவதும் இதற்குண்டு.

அடுத்தது, என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமானது: காரணம். 2022ஆம் ஆண்டுக் கணக்கில் உலகம் முழுவதும் புதிதாக நுரையீரல் புற்றுநோய் கண்டவர்கள் ஏறத்தாழ 25 லட்சம் பேர். மீசோதீலியோமா கண்டவர்கள் சுமார் 30 ஆயிரம். முதலாவதன் பெரும் காரணம் புகையிலை என்பது எல்லோருக்கும் தெரியும். காற்று மாசு, ரேடான் வாயு, விறகுப் புகை, மரபணு மாற்றம் என்று வேறு காரணங்களும் உண்டு. நம் நாட்டில் புகை பிடிக்காத பெண்கள் பலருக்கும் அது வருகிறது. மீசோதீலியோமாவுக்குப் புகையிலை காரணமே அல்ல. வாழ்நாள் முழுவதும் பீடி பிடித்தவருக்கும் பீடியைத் தொடாதவருக்கும் இந்த நோய் வரும் வாய்ப்பு ஒன்றுதான். இதன் காரணம் பெரும்பாலும் ஒரே பொருள்: கல்நார் என்கிற ஆஸ்பெஸ்டாஸ்.

கல்நார் ஒரு கனிமம். உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகளாகப் பிரியும். தீயில் எரியாது, ரசாயனங்களில் எளிதில் அழியாது, எவ்வளவு இழுத்தாலும் சட்டென்று அறாது. பாய்லர் உறை, கப்பலின் குழாய்ச் சுற்று, பிரேக் லைனிங், சிமெண்ட் கூரை எல்லாவற்றிலும் அதைச் சேர்த்தது இந்தக் குணங்களுக்காகத்தான். உடலுக்குள் போனால் அதே குணங்கள் எமனாகின்றன. மூச்சோடு போகும் நீண்ட இழையை நுரையீரலின் துப்புரவுச் செல் விழுங்கப் பார்க்கிறது. இழை செல்லைவிட நீளம். விழுங்க முடியாமல் செல் சாகிறது. சாகும்போது அது கக்கும் ரசாயனங்கள் அழற்சியை மூட்டுகின்றன. இழை கரைவதில்லை. நகர்ந்து நகர்ந்து உறையை அடைந்து அங்கே தங்கிவிடுகிறது. பத்து, இருபது, முப்பது ஆண்டு ஓயாத அழற்சி. அதன் முடிவில் ஒரு நாள் ஒரு செல் தடம் புரள்கிறது.

கல்நார் நுரையீரல் புற்றுநோயையும் உண்டாக்கும். குழப்பம் வரும் இடம் இதுதான். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை 1950இல் நிறுவியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் டால்தான், கல்நார் ஆலைத் தொழிலாளர்களுக்கு நுரையீரல் புற்று அதிகம் வருவதையும் 1955இல் காட்டினார். பின்னர் நியூயார்க்கில் இர்விங் செலிகாஃபும் அவர் தோழர்களும் வெப்பக்காப்புத் தொழிலாளர்களை ஆராய்ந்து 1979இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். புகையும் கல்நாரும் இல்லாதவருக்கு நுரையீரல் புற்றால் சாகும் அபாயம் ஒன்று என்று வைத்தால், கல்நாரில் மட்டும் வேலை செய்தவருக்கு 5. புகை மட்டும் பிடிப்பவருக்கு 11. இரண்டும் சேர்ந்தால் 53. ஆக, கல்நார்த் தொழிலாளி புகையை விட்டால் நுரையீரல் புற்றின் அபாயம் நிச்சயம் குறையும். மீசோதீலியோமாவின் அபாயம் இம்மியும் குறையாது. கல்நாரால் வரும் சாவுகளில் மீசோதீலியோமாவைவிட நுரையீரல் புற்றுதான் அதிகம் என்று மதிப்பிடுகிறார்கள். ஆனால் அந்தச் சாவுகள் சிகரெட்டின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகின்றன. மீசோதீலியோமாவை அப்படி வேறு கணக்கில் எழுத முடியாது; அது கல்நாரின் கையெழுத்து. கல்நார்த் தொழிலின் உண்மையை உலகம் அறிந்துகொண்டதே அந்த அரிய நோயின் வழியாகத்தான்.

அந்தக் கதை தென்னாப்பிரிக்காவில் ஒரு காசநோய் மருத்துவமனையில் தொடங்குகிறது. 1950களில் கிம்பர்லி நகரின் காசநோய் மருத்துவமனைக்குப் பொறுப்பாக இருந்த ஸ்லெக்ஸ் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். நெஞ்சில் நீர் கோத்து, உறை தடித்து வருகிறவர்களுக்கு டி.பி. மருந்து கொடுத்தால் ஒருசாரார் தேறிவிடுகிறார்கள். நகருக்கு மேற்கேயிருந்து வருகிற சிலர் மட்டும் தேறாமல் சாகிறார்கள். மேற்கே இருந்தவை நீலக் கல்நார்ச் சுரங்கங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் கிறிஸ் வாக்னர் என்ற இளம் நோயியல் மருத்துவர், டி.பி. என்று கருதப்பட்ட ஒரு சுரங்கத் தொழிலாளியின் உடலைப் பிரேதப் பரிசோதனை செய்தபோது வழவழப்பான ஒரு பெரும் கட்டி நெஞ்சை அடைத்திருந்தது. நுரையீரலில் கல்நார் இழையும் இருந்தது. வாக்னர், ஸ்லெக்ஸ், அறுவை மருத்துவர் பால் மார்சண்ட் மூவரும் சேர்ந்து 1960இல் 33 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். 22 ஆண்கள், 11 பெண்கள். ஒருவரைத் தவிர எல்லோருக்கும் கல்நாரோடு ஏதோ ஒரு தொடர்பு இருந்தது. இவர்களில் பலர் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களே அல்லர். சிறுவயதில் அந்தப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள்.

ஐந்தாண்டு கழித்து லண்டனில் நியூஹவுஸ், தாம்ஸன் இருவரும் செய்த ஆய்வு இதை இன்னும் நெருக்கமாகக் காட்டியது. அவர்களுடைய நோயாளிகளில் 9 பேர் கல்நார்த் தொழிலாளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். மாலையில் வீடு திரும்பும் கணவரின் உடுப்பை உதறித் துவைத்த மனைவிமார் இதில் உண்டு. ஆலைக்கு அரை மைல் சுற்றளவில் குடியிருந்ததைத் தவிர வேறு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள் 11 பேர். புகை பிடிப்பதில் தனிமனிதனின் கை சற்றேனும் இருக்கிறது என்று வாதாடலாம். துணி துவைத்ததற்கு என்ன வாதம் சொல்வது? இத்தாலியின் காசாலே மொன்ஃபெராட்டோ என்ற சிறு நகரில் 1986இல் மூடப்பட்ட கல்நார் சிமெண்ட் ஆலையால் இன்றும் ஊர்க்காரர்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் விட்டனூம் சுரங்கம் 1966இல் மூடப்பட்டது. பின்னர் அந்த ஊரையே வரைபடத்திலிருந்து நீக்கிவிட்டார்கள்.

மூடிய பிறகும் ஏன் சாகிறார்கள் என்றால், இந்த நோய் எடுத்துக்கொள்ளும் காலம் அவ்வளவு நீளம். கல்நாரை முதலில் சுவாசித்ததிலிருந்து நோய் வெளிப்பட 20 முதல் 50 ஆண்டு ஆகலாம். 30, 40 ஆண்டு என்பது சாதாரணம். புகை பிடிப்பவர் நிறுத்திய பத்தாண்டில், தொடர்ந்து பிடிப்பவரோடு ஒப்பிட்டால் நுரையீரல் புற்றின் அபாயம் பாதியாகிவிடுகிறது. கல்நார் வேலையை விட்டவருக்கு இப்படியொரு சலுகை இல்லை. இழை உள்ளேயே இருப்பதால், ஆண்டு ஏற ஏற அபாயமும் ஏறுகிறது. பிரிட்டன் 1999இல் கல்நாரை முற்றாகத் தடை செய்தது. அதன் பிறகும் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அங்கே மீசோதீலியோமாவால் இறந்துவந்திருக்கிறார்கள்.

கல்நார் இல்லாமலும் இது வரும். துருக்கியின் கப்படோக்கியாவில் சில கிராமங்களில் சாவுகளில் ஏறத்தாழ பாதி மீசோதீலியோமாவால் நிகழ்ந்தது. வீடு கட்டிய கல்லில் எரியோனைட் என்ற இழைக் கனிமம் இருந்ததை மருத்துவர் இஸ்ஸெத்தின் பாரிஷ் கண்டுபிடித்தார். பேப்-1 என்ற மரபணுவில் பிறவிக் குறை உள்ள குடும்பங்களில் இந்நோய் அதிகம் என்பது 2011இல் தெரியவந்தது. நெஞ்சுக்குக் கதிர்வீச்சு சிகிச்சை பெற்ற சிலருக்கும் பல்லாண்டு கழித்து வருகிறது. இவையெல்லாம் விதிவிலக்குகள்.

இனி, எப்படிப் பிரித்தறிகிறார்கள்? உறைக்குப் பரவிய நுரையீரல் அடினோகார்சினோமாவும் மீசோதீலியோமாவும் நுண்ணோக்கியில் இரட்டைப் பிள்ளைகள்போல இருக்கக்கூடும். கோத்த நீரை மட்டும் சோதித்தால் பெரும்பாலும் விடை கிடைக்காது. தோரகோஸ்கோப் என்ற குழாயை நெஞ்சுக்குள் விட்டு, உறையைக் கண்ணால் பார்த்து, போதுமான அளவு திசு எடுக்கவேண்டும். பிறகு அந்தத் திசுவுக்குப் புரதச் சாயச் சோதனைகள். கால்ரெட்டினின், டபிள்யூ.டி.-1 ஆகியவை ஏறினால் மீசோதீலியோமா பக்கம், டி.டி.எஃப்.-1, கிளாடின்-4 ஏறினால் நுரையீரல் புற்றின் பக்கம். ஒன்றை மட்டும் நம்பாமல் இரு பக்கத்திலும் குறைந்தது இரண்டிரண்டு சாயமாவது பார்ப்பதுதான் முறை.

மரபணுவில் உள்ள வேறுபாடு சிகிச்சையை நேராகத் தொடுகிறது. நுரையீரல் அடினோகார்சினோமாவில் ஈ.ஜி.எஃப்.ஆர்., ஆல்க் போன்ற மரபணுக்கள் ஓயாமல் வேலை செய்து செல்லை வளர்க்கின்றன. ஓடுகிற ஒன்றை மாத்திரையால் நிறுத்தலாம். இந்திய நோயாளிகளில் கணிசமானவர்களுக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருப்பதால், தினம் ஒரு மாத்திரையில் வேலைக்குப் போய்வருகிறவர்கள்கூட உண்டு. மீசோதீலியோமாவில் நடப்பது இழப்பு. பேப்-1, என்.எஃப்.-2, சி.டி.கே.என்.-2ஏ என்று செல்லைக் கட்டுப்படுத்தும் காவல் மரபணுக்கள் அழிந்துபோகின்றன. இல்லாத ஒன்றை எந்த மாத்திரை திருப்பித் தரும்? குறிவைத்துத் தாக்கும் மருந்துகள் நுரையீரல் புற்றில் புரட்சி செய்த கால் நூற்றாண்டில், மீசோதீலியோமா பின்தங்கியதன் அடிப்படைக் காரணம் இது.

2003இல் வெளியான ஆய்வில் பெமெட்ரெக்ஸெட், சிஸ்பிளாட்டின் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது நடுமதிப்பு ஆயுள் 9.3 மாதத்திலிருந்து 12.1 மாதமாக உயர்ந்தது. பல ஆண்டுகளுக்கு அதுவே எல்லை. 2020இல் நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இரண்டு நோயெதிர்ப்பு மருந்துகள் அதை 18.1 மாதத்துக்குக் கொண்டுபோயின. மீசோதீலியோமாவில் கீமோவுக்கு அடங்காத சார்கோமடாய்டு வகையில்தான் பலன் அதிகம். அறுவையைப் பொறுத்தவரை, தொடக்க நிலை நுரையீரல் புற்றில் கட்டியிருக்கும் மடலை வெட்டி எடுத்தால் குணமாகும் வாய்ப்பு நிஜமானது. மீசோதீலியோமாவில் நுரையீரலையும் உறையையும் சேர்த்தெடுத்தார்கள். பிறகு உறையை மட்டும் உரித்தெடுத்தார்கள். 2024இல் முழு முடிவு வெளியான பிரிட்டன் ஆய்வு, உறை உரிக்கப்பட்டவர்கள் கீமோ மட்டும் பெற்றவர்களைவிட நன்றாக இருக்கவில்லை, சிக்கல்தான் கூடியது என்று காட்டியது. பெரும் செலவில் இந்த அறுவைக்குப் போகுமுன் நம் குடும்பங்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். வயிற்று மீசோதீலியோமாவின் கதை வேறு. கட்டிகளை அகற்றி, சூடான கீமோ திரவத்தால் வயிற்றைக் கழுவும் முறையில் பல ஆண்டு வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கிம்பர்லியில் நடந்தது நம்மிடமும் நடக்கக்கூடியது. இந்தியாவில் ஒருபக்க நெஞ்சில் நீர் கோத்தால் முதலில் நினைவுக்கு வருவது டி.பி. அது நியாயம்தான், பெரும்பாலானவர்களுக்கு அதுவாகத்தான் இருக்கும். நீரில் லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்கள் மிகுந்து, ஏ.டி.ஏ. என்ற நொதியின் அளவும் கூடியிருந்தால் பயாப்சி இல்லாமலே ஆறு மாத மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள். லிம்ஃபோசைட் மிகுதி மீசோதீலியோமாவிலும் வரும், ஏ.டி.ஏ.கூடச் சிலருக்கு ஏறும். நீர் வற்றாதவரின் ஆறு மாதம், பன்னிரண்டு மாத ஆயுளில் பாதி.

கல்நார்ச் சுரங்கங்களை நாம் நிறுத்திவிட்டோம். இறக்குமதியை நிறுத்தவில்லை. ரஷ்யாவிலிருந்தும் கஜகஸ்தானிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான டன் வெள்ளைக் கல்நார் வந்து சிமெண்ட் ஷீட்டாகி, கோழிப்பண்ணை முதல் பள்ளிக்கூடம்வரை கூரையாகிறது. வெள்ளை அவ்வளவு மோசமில்லை என்று தொழில்துறை சொல்கிறது. மீசோதீலியோமாவைப் பொறுத்தவரை நீலக் கல்நார் வெள்ளையைவிடப் பல நூறு மடங்கு கொடியது என்பது உண்மை. ஆனால் வெள்ளையும் புற்றுநோய் தருவதே என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் உறுதியாகவே வகைப்படுத்தியிருக்கிறது. சிமெண்டுக்குள் பிணைந்து அசையாமல் கிடக்கும் ஷீட்டால் ஆபத்து குறைவு. வாளால் அறுக்கும்போதும், ஜே போல்ட் மாட்ட ஓட்டை போடும்போதும், பழைய கூரையை உடைத்துத் தள்ளும்போதும் பறக்கும் தூளில்தான் இழை இருக்கிறது. தலைக்குமேல் டிரில்லைப் பிடித்து அண்ணாந்து நிற்கும் தொழிலாளியின் மூக்கிலும் வாயிலும் அது நேராக இறங்குகிறது. முகத்தில் துண்டு சுற்றியிருந்தாலும் நிற்காது.

தடை என்பது மருத்துவம் மட்டும் தீர்மானிக்கும் விஷயமாகவும் இல்லை. 2018 முதல் கல்நாரைத் தடை செய்வதென இலங்கை முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. கல்நார் விற்கும் நாடும் அதுவே. இலங்கை அரசு தன் முடிவிலிருந்து பின்வாங்கியது. மலையகத் தமிழர்கள் கிள்ளிய கொழுந்து, அவர்கள் நாட்டுக் கூரைகளில் கல்நார் தொடரக் காரணமாக ஆக்கப்பட்டது. இதைக் கொடுமை என்றுதான் சொல்ல முடியும்.

இந்திய உச்ச நீதிமன்றம் 1995இல், கல்நார்த் தொழிலாளியின் உடல்நலம் அவருடைய வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டோ, ஓய்வுபெற்ற பின் 15 ஆண்டோ, எது பிந்தியதோ அதுவரை ஒவ்வொருவரின் மருத்துவப் பதிவேட்டையும் வைத்திருக்கவேண்டும் என்றது. நோயின் நீண்ட காலத்தைப் புரிந்துகொண்ட தீர்ப்பு அது. தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் பட்டியலிலும் கல்நாரால் வரும் நுரையீரல் புற்றும் மீசோதீலியோமாவும் இடம்பெற்றன. ஆனால் கூலிக்குக் கூரை போடுகிறவருக்கும், கப்பல் உடைப்பவருக்கும், பிரேக் தூளை ஊதித் தள்ளும் பட்டறைப் பையனுக்கும் ஏது பதிவேடு?

மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புகைப்பழக்கம் உண்டா என்று கேட்டு எழுதும் அதே தாளில், முப்பது நாற்பது ஆண்டுக்கு முன் என்ன வேலை பார்த்தார், எந்த ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்தார், வீட்டில் யாருடைய உடுப்பைத் துவைத்தார் என்பதையும் கேட்டு எழுதுங்கள். டி.பி. மருந்துக்கு நீர் வற்றாதவரை உறைப் பயாப்சிக்கு அனுப்பத் தாமதிக்காதீர்கள். கல்நாரில் வேலை பார்த்தவர்களே, உங்கள் பழைய சம்பளச் சீட்டையும் இ.எஸ்.ஐ. அட்டையையும் தூக்கிப் போட்டுவிடாமல் பத்திரமாக வைத்திருங்கள். நோய் வந்தால் அது எங்கிருந்து வந்தது என்று காட்ட உங்கள் கையில் இருக்கப்போவது அவை மட்டும்தான்.